எஞ்சின் இல்லாத மோட்டார் வாகனம் குறித்துப் பணிவான விண்ணப்பம்

அனுப்புநர்: டிஎன் 11 பலகை மாட்டிய பைக்கின் சொந்தக்காரன், மேற்கு தாம்பரம்.

பெறுநர்: சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம், புது டெல்லி.

பொருள்: பைக்குக்குப் பின்னால் சின்ன டிரெய்லர் கட்டி ஊருக்குப் போக ஆசைப்பட்டது – விளக்கம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம், 1988. (பொங்கலுக்கு ரயில் டிக்கெட் கிடைக்காதவனுக்குப் படிக்க நேரம் நிறைய.)

ஐயா,

சட்டத்தின் 2-ஆம் பிரிவில் ‘மோட்டார் வாகனம்’ எது என்று சொல்லுமிடத்தில் டிரெய்லரையும் சேர்த்திருக்கிறீர்கள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு சக்கரம், ஒரு கொக்கி. எஞ்சின் கிடையாது, பெட்ரோல் குடிக்காது, தள்ளிவிடாமல் ஓரடி நகராது. இருந்தும் அது மோட்டார் வாகனம். அதற்குப் பதிவு வேண்டும். இரும்புலியூர்ப் பக்கம் ஏதாவது வெல்டிங் பட்டறையில் சொன்னால் பெட்டியை அடித்துக் கொடுத்துவிடுவார்கள். ஆர்.சி. புத்தகத்தை வெல்டிங் வைத்துத் தரச் சொல்ல முடியுமா? பதிவில்லாமல் ஓட்டினால் 192-ஆம் பிரிவின்படி முதல் முறைக்கே 5,000 ரூபாய் வரை அபராதம். பெட்டியின் விலையே அவ்வளவு இருக்காது.

அந்த 2-ஆம் பிரிவிலேயே மோட்டார் சைக்கிளுக்குத் தந்த விளக்கத்தில் சைடு காருக்கு மட்டும் மரியாதையாக இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஜி.எஸ்.டி. சாலையில் சைடு கார் போய் நாங்கள் பார்த்ததில்லை. 1988-இல் சட்டம் எழுதியவர்கள் 1975-இல் ‘ஷோலே’ பார்த்தவர்களாக இருக்க வேண்டும்.

போகட்டும். பொங்கலுக்கு முந்தின இரவு பெருங்களத்தூர் மேம்பாலத்தடியில் ஒரு மணி நேரம் வந்து நில்லுங்கள். பேருந்து நிலையத்தைக் கிளாம்பாக்கத்துக்குக் கொண்டுபோய் 2023 டிசம்பரில் திறந்தாகிவிட்டது. ஆனாலும் பேருந்தில் இடம் கிடைக்காதவர்களும், கிடைத்த இடத்துக்குக் காசு கட்ட முடியாதவர்களும் பைக்கில்தான் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, திருச்சி என்று கிளம்புகிறார்கள். டேங்க் மேல் பெரியவன், நடுவில் அப்பா, பின்னால் அம்மா, அம்மா மடியில் சின்னவள். ஹேண்டில்பாரின் இரண்டு பக்கமும் துணிப்பை. அம்மாவுக்கும் பின்னால் கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய பயணப்பெட்டி, அதன்மேல் மாமியாருக்கு வாங்கிய மிக்சி. 128-ஆம் பிரிவு பின்னால் ஒருவருக்கு மேல் கூடாது என்கிறது. மீறினால் 194சி பிரிவின்படி 1,000 ரூபாய், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். அந்த இரவில் அதை யாரும் கேட்பதில்லை. காவலர் கையை ஆட்டி, “சீக்கிரம் போங்க, சீக்கிரம் போங்க” என்கிறார். அவருக்கும் ஊர் இருக்கிறது.

இந்தக் குடும்பம் அந்தப் பெட்டியையும் மிக்சியையும் பைகளையும் இறக்கி, பின்னால் ஒரு டிரெய்லரில் வைத்து இழுத்தால்? விசில் வரும். சுமை ஆள் மேல் இருக்கும்வரை பண்டிகை. அதே சுமைக்குச் சக்கரம் வைத்தால் வழக்கு.

நீங்கள் எங்களை மறந்துவிட்டீர்கள் என்று சொன்னால் நன்றி கெட்டவனாவேன். 2020-இல் பைக்கில் பெட்டி வைத்துக்கொள்ள அளவு கொடுத்தீர்கள்: நீளம் 550 மில்லிமீட்டர், அகலம் 510, உயரம் 500. பின்னிருக்கை இடத்தில் பெட்டி வைத்தால் ஆள் உட்காரக் கூடாது. அந்த அளவுக்குள் சமையல் கேஸ் சிலிண்டர்கூட அடங்காது, அதை டி.வி.எஸ். எக்ஸ்.எல். எப்படிச் சுமக்கிறது என்பதைத் தாம்பரத்தில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். 2022-இல் நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையோடு போனால் 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்றீர்கள். நல்ல விதி, கிண்டல் செய்ய மாட்டேன். திருச்சி இங்கிருந்து சுமார் 300 கிலோமீட்டர் என்பதை மட்டும் நினைவூட்டுகிறேன்.

இன்னொரு விஷயம்தான் வயிற்றெரிச்சல். தாம்பரத்திலிருந்து படப்பை வழியாகப் போனால் ஒரகடம். அங்கே ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை. அங்கிருந்து கப்பலேறி இங்கிலாந்து போகிற வண்டி அங்கே டிரெய்லர் இழுக்கலாம். 125 சி.சி.க்கு மேற்பட்ட பைக்காக இருக்க வேண்டும். டிரெய்லர் ஒரு மீட்டருக்கு மேல் அகலம் கூடாது. சுமையோடு சேர்த்து 150 கிலோ, அல்லது பைக்கின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இரண்டில் எது குறைவோ அது. கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ. ஆகவே 130 கிலோ. கணக்கு முடிந்தது. எங்கள் ஊர்க் காற்றில் பிறந்த வண்டிக்கு எங்கள் ஊர்ச் சாலையில் மட்டும் இடுப்பில் பலம் இல்லையா?

டிரெய்லர் ஆபத்தில்லாதது என்று நான் வாதாட வரவில்லை. பைக் வளைவில் சாயும், டிரெய்லர் சாயாது. அதற்கேற்றபடி திரும்புகிற கொக்கி வேண்டும். பெட்டியின் பின்பக்கம் கனத்தால் வால் ஆடும், வால் ஆடினால் தலையும் ஆடும். பிரேக் பிடித்தால் பின்னாலிருந்து தள்ளும். வெள்ளைக்கோடு அழிந்துபோன வேகத்தடையில் முதலில் பைக் ஏறும், அது இறங்கி மூச்சு விடும்போது டிரெய்லர் ஏறும். இவ்வளவும் தெரிந்ததால்தான் பட்டறைக்காரர் கண்மதிப்பில் போடும் கொக்கியை நம்பாமல் உங்களிடம் அளவு கேட்கிறேன்.

பரனூர் சுங்கச்சாவடி பற்றியும் ஒரு வார்த்தை. இருசக்கர வாகனத்துக்குக் கட்டணம் இல்லை, ஓரமாகப் போய்விடுகிறோம். பின்னால் இரண்டு சக்கரம் கூடினால் நான் நான்கு சக்கரமா? ஃபாஸ்டேக் ஒட்ட என் பைக்கில் கண்ணாடி கிடையாது.

நான் கேட்பது மானியம் இல்லை, சலுகையும் இல்லை. எந்த பைக் டிரெய்லர் இழுக்கலாம், எவ்வளவு எடை, என்ன அகலம், என்ன வேகம். அந்தப் பெட்டியை யாரிடம் காட்டிப் பதிவு செய்வது. இவ்வளவையும் தமிழில் ஒரு பலகையில் எழுதி, ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலக வாசலிலும் மாட்டச் சொல்லுங்கள். “கூடவே கூடாது” என்பதுதான் பதில் என்றால் அதையும் அதே பலகையில் எழுதிவிடுங்கள். அடுத்த பொங்கலுக்குள் மாட்டினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மிக்சியைக் கேரியரில் கட்டி ஊர் போகும் குடும்பத் தலைவன்