ஐந்தாவது யூனிட் பாக்கி

எங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு வெள்ளிப் பதக்கம் இருக்கிறது. என்னுடையதல்ல, மனைவியுடையது. முக்கூடல் பக்கம் ஒன்றியப் பள்ளியில் வேலை பார்த்தபோது மாநில அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருது வாங்கினாள். கூடக் கிடைத்த பத்தாயிரம் ரூபாயில் பிள்ளைகளுக்குப் பிரியாணி வாங்கிப் போட்டுவிட்டு அந்த விஷயத்தையே மறந்துபோனாள். நான்தான் மறக்கவில்லை. வருகிற விருந்தாளியெல்லாம் பதக்கத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, “சார் காலேஜ்லதானே இருக்கீங்க, ஒங்களுக்கு?” என்பார்கள். “காலேஜுக்கெல்லாம் அது கிடையாது” என்று ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உரக்கவே சொல்லுவேன்.

அந்தச் சாக்கும் 2023-ல் போயிற்று. 1958-ல் தொடங்கிய தேசிய நல்லாசிரியர் விருதில் அந்த வருடம் கல்லூரி, பாலிடெக்னிக் ஆசிரியர்களையும் சேர்த்தார்கள். மொத்தம் 75 பேரில் உயர்கல்விக்கு 13 பேர். சான்றிதழ், ஐம்பதாயிரம் ரூபாய், வெள்ளிப் பதக்கம். மனைவியின் பதக்கத்துக்குப் பக்கத்தில் ஓர் இடத்தை அன்றே மனசுக்குள் ஒதுக்கிவிட்டேன். யாராவது நம்மைச் சிபாரிசு செய்ய வேண்டுமே என்ற கவலைகூட இல்லை. நம்மை நாமே முன்மொழிந்துகொள்ளலாம். எனக்கு என்னைவிட நல்ல சிபாரிசுக்காரன் யார்?

பாளையங்கோட்டையைத் தென்னகத்தின் ஆக்ஸ்போர்டு என்பார்கள். 1878-லிருந்து ஜான்ஸ், 1923-லிருந்து சேவியர்ஸ் என்று வரிசையாகக் கல்லூரிகள். கல்லெறிந்தால் ஒரு பேராசிரியர் மேல்தான் விழும். அவர்களில் ஒருவனாக, இளங்கலைப் பிள்ளைகளுக்கு முப்பத்தொரு வருடம் தாவரவியல் நடத்தினேன். எடுத்த வகுப்புக்குச் சாட்சி என்று ஒரு துண்டுக் காகிதம்கூடச் சேர்த்து வைக்கவில்லை. 2010-ல் யு.ஜி.சி. பதவி உயர்வுக்கு ஏ.பி.ஐ. மதிப்பெண் கொண்டுவந்தபின் கட்டுரைக்கு இத்தனை, கருத்தரங்குக்கு இத்தனை என்று சேர்க்கப் பழகியிருந்தோம். பாடம் நடத்துவதை மட்டும் எந்தக் கவரில் போட்டு வைப்பது என்று தெரியவில்லை.

ஆகவே ஒரு ஃபைல் தயாரிக்க உட்கார்ந்தேன். இனி வருவதெல்லாம் அதன் கதை.

முதலில் பழைய மாணவர் கடிதம். நர்சரி நடத்தும் ஒருவனிடம் போனில் கேட்டேன். மறுநாளே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான், நல்ல பையன். “சார் வகுப்பில் எப்போதும் பூரண அமைதி நிலவும்” என்று எழுதியிருந்தான். என் வகுப்பு பெரும்பாலும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் அவர். அந்த அமைதி எதனால் என்பது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஃபைலில் சேர்த்துவிட்டேன்.

அடுத்து ‘மாணவர்களின் அன்புக்கு எடுத்துக்காட்டு’ என்று நானாகவே ஒரு தலைப்புப் போட்டேன். 1921-ல் ராதாகிருஷ்ணன் மைசூர் மகாராஜா கல்லூரியை விட்டுக் கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது, மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவர் வண்டியை ரயில் நிலையம் வரை தாங்களே இழுத்துப் போனார்கள். எனக்கும் அப்படி ஒன்று நடந்ததுண்டு. சமாதானபுரத்தில் வைத்து என் ஸ்கூட்டரை இரண்டு மாணவர்கள் பங்க் வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அதை அரைப் பக்கம் எழுதினேன். பெட்ரோல் தீர்ந்துபோன விவரம் வந்ததும் பேனா நின்றுவிட்டது. அடித்துவிட்டேன்.

மூன்றாவது, கோரை. இதைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.

ஒருவித்திலைத் தண்டு நடத்திக்கொண்டிருந்தேன். சாற்றுக்குழாய்க் கற்றைகள் உள்ளே சிதறிக் கிடக்கும், ஓரத்தில் நெருங்கி நிற்கும். இருபது வருடமாக ஒரே வட்டம், ஒரே புள்ளிகள். உதாரணத்துக்குக் கோரையைச் சொல்லி வைத்தேன். பத்தமடையிலிருந்து வரும் ஒரு பிள்ளை எழுந்து, “சார், நாளைக்குக் கொண்டாரட்டா?” என்றாள். சரி என்றேன், மறந்தும் போனேன்.

மறுநாள் ஈரச் சாக்கில் சுற்றி ஒரு கட்டுப் பச்சைக் கோரையோடு வந்துவிட்டாள். சின்னக் கத்தியால் நுனியில் ஒரு கீறல், பிறகு விரலாலேயே ஒரே இழுப்பு. ஓர் ஆள் உயரத் தண்டு கோணாமல் இரண்டாகப் பிளந்தது. “உள்ள இருக்க சோத்த வழிச்சு எறிஞ்சிருவோம் சார். தோலுதான் பாய். எங்க உம்மா கிழிக்கதப் பாக்கணும், இதவிட மெலிசா வரும்.” பிளந்ததை வெயிலில் காயவைப்பது, ஆற்று ஓட்டத்தில் நாள் கணக்காக ஊறப் போடுவது, ஊதி வந்ததும் மறுபடி காயவைத்துப் பருத்தி நூல் பாவில் கோர்ப்பது என்று அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். தோல் ஏன் அறுகாமல் வருகிறது, சோறு ஏன் கையோடு வழிந்து வருகிறது என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தன் கேட்டான். என் வட்டத்தின் ஓரத்தில் நெருங்கி நிற்கும் புள்ளிகளைக் காட்டி, அவளே பதிலும் சொன்னாள். மதிய அவர். ஒருவரும் தூங்கவில்லை. நான் மாணவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று ராத்திரி திடுக்கென்று ஞாபகம் வந்தது. போட்டோ எடுக்கவில்லை!

விடிந்ததும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, “நேத்து மாதிரியே இன்னொரு தடவ செய்மா” என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். “வாடிருச்சு சார். இனிமே கிழியாது.” “கிழியாட்டியும் பரவால்ல, கைல புடி.” ஜி.பி.எஸ். மேப் கேமராவில் எடுத்தேன். கல்லூரியின் தரம் பார்க்கும் ‘நாக்’ குழு வந்த காலத்திலிருந்து எதற்கும் ஜியோ டேக் வேண்டும் என்பது எங்களுக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அட்சரேகை, தீர்க்கரேகை, தேதி, குட்டி வரைபடம் எல்லாம் கறுப்புப் பட்டையாகப் படத்தின் அடியில் உட்கார்ந்து, கோரையையும் அதைப் பிடித்திருந்த கையையும் மறைத்திருந்தது. தெளிவாகத் தெரிந்தது என் வழுக்கை மட்டும்.

ஃபைலை முடிக்க இரண்டு வாரம் வீட்டில் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் மனைவி காபியை வைத்துவிட்டு, “காலேஜுக்குப் போகலியா?” என்றாள்.

“விருது ஃபைல் இருக்குல்லா.”

“அப்ப அங்க பாடம் யாரு எடுக்கா?”

காபி சூடாக இருக்கிறது என்று சொல்லி ஊதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கே ஒரு வாத்தியார் பெயர்தான். 1891-ல் மனோன்மணீயம் எழுதிய சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவம் போதித்தவர், அதற்கு முன் நெல்லையிலும் பாடம் சொன்னவர். அவர் எத்தனை ஃபைல் போட்டிருப்பார் என்று யோசித்தபடியே என்னுடையதற்கு ஸ்பைரல் பைண்டிங் போட்டேன்.

2024-ல் உயர்கல்விக்கு 16 பேர் பெயர் வந்தது. என் பெயர் இல்லை. இதில் யார் மீதும் எனக்கு வருத்தமில்லை. அந்த ஃபைலைப் படித்திருந்தால் நானும் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கமாட்டேன்.

ஆனால் ஒரு கணக்கு நிற்கிறது. அந்த இரண்டு வாரத்தில் போன வகுப்புகளால் அந்த செமஸ்டரில் ஐந்தாவது யூனிட் நடத்தவே இல்லை. “முக்கியமான கேள்வி அதுல வராது” என்று சொல்லிச் சமாளித்தேன். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி வந்தது. அந்த வகுப்பில் இருந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் குறுக்குத்துறை மருத மரத்தடியில் இருப்பேன். வாருங்கள், நடத்திவிடுகிறேன். போட்டோ வேண்டாம்.