சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்

கொலம்பஸ், ஒஹையோ
நவம்பர் 20

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. வெளியே போய் வந்ததும் காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் மெயிலில் அனுப்பிய கட்டு கிடைத்தது. தம்பியின் பிஎச்.டி. விண்ணப்பத்தில் 'கூடுதல் ஆவணங்கள், விருப்பமிருந்தால்' என்று ஓர் இடம் இருக்கிறதே, அதற்காம்! டைப்ரைட்டிங் லோயர், என்.சி.சி., ஓட்டப்பந்தயம், நன்னடத்தைச் சான்றிதழ். எல்லாவற்றிலும் கெஜட்டட் ஆபீஸரின் பச்சை மைக் கையெழுத்து. சித்தப்பா, அந்தப் பச்சை மையின் அதிகாரம் மீனம்பாக்கம் விமான நிலையத்தோடு முடிந்துவிடுகிறது.

இங்கே பெரும்பாலும் கேட்பது மார்க் ஷீட், ரெஸ்யூமே, எஸ்.ஓ.பி. என்கிற நோக்க அறிக்கை, மூன்று எல்.ஓ.ஆர்., அதாவது பரிந்துரைக் கடிதங்கள். ஜி.ஆர்.இ. தேர்வையே பல துறைகள் வேண்டாமென்று விட்டுவிட்டன. டிசம்பரில் கடைசித் தேதி முடிந்ததும், வகுப்புக்கும் ஆராய்ச்சிக்கும் நடுவே பேராசிரியர்கள் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் விண்ணப்பங்களைப் படிக்க வேண்டும். அவர்களிடம் ஓட்டப்பந்தயத்தை நீட்டுவது, மொய் எழுதும் மேசையில் நின்று குலப் பெருமை சொல்வது மாதிரி. பின்னால் வரிசை நிற்கிறது.

அதற்காக எதையுமே சேர்க்கக் கூடாதென்று இல்லை. தம்பி ஆராய்ச்சி செய்வான் என்பதற்கு அத்தாட்சி எதுவோ அதைச் சேர்க்கலாம். கட்டுரை எழுதியிருந்தால் ரெஸ்யூமேயில் ஒரு வரி, ஆர்க்கைவ் தளத்தில் இருந்தால் அதன் லிங்க். நாலு பேர் சேர்ந்து எழுதியதென்றால் இவன் செய்தது எந்தப் பகுதி என்று எஸ்.ஓ.பி.யில் சொல்லிவிட வேண்டும். புரோகிராம் எழுதியிருந்தால் கிட்ஹப் லிங்க் போதும். ஆனால் திறந்தால் ஓட வேண்டும். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் ரிப்போர்ட் முழுவதையும் தங்க எழுத்து பைண்டிங்கோடு ஸ்கேன் செய்ய வேண்டாம். ஒரு பக்கச் சுருக்கம் தரட்டும்: என்ன கேள்வி, என்ன செய்தான், என்ன கிடைத்தது. ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியதென்றால் அந்த ஒரு பக்கம் எழுதும்போதே தெரிந்துவிடும். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் அச்சிடும் 'சர்வதேச' இதழ் பக்கம் போக வேண்டாம். அதைப் பார்த்தால் மற்றதையும் சந்தேகப்படுவார்கள்.

'வேறெதுவும் அனுப்பாதீர்கள்' என்று பல்கலைக்கழகம் எழுதியிருந்தால் அனுப்பக் கூடாது. அது உபசாரத்துக்குச் சொல்வதல்ல. இந்த ஊரில் சாப்பாடு போதும் என்றால்கூடப் போதும்தான்.

ஹெச்.ஓ.டி.யின் பரிந்துரைக் கடிதத்தை முன்னாலேயே வாங்கிப் பார்த்துவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அவரே அதை நேராக இணையத்தில் ஏற்றுவார். சேர்ந்துவிட்ட மாணவன் அதைப் பார்க்க 1974-லேயே இந்த நாட்டுச் சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. ஆனால் விண்ணப்பத்திலேயே 'அந்த உரிமை வேண்டாம்' என்று டிக் செய்யச் சொல்லிக் கேட்பார்கள். எல்லாரும் செய்துவிடுகிறோம். செய்தால்தான் கடிதத்துக்கு மதிப்பு. அவனை நன்றாகத் தெரிந்த ஆசிரியரின் கடிதம் ஒன்று, பெரிய பதவிக்காரர்களின் கடிதங்கள் பத்துக்குச் சமம்.

இடமும் உதவித்தொகையும் கிடைத்தால் ஏப்ரல் 15 வரை யோசித்துப் பதில் சொல்ல அவகாசம் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் சேர்ந்து செய்துகொண்ட ஏற்பாடு அது. வருமான வரிக் கணக்குக் கொடுக்கவும் வழக்கமாக அதே நாள்தான் கடைசி. ஓர் ஆண்டு கல்விக்குத் தலையாட்டுகிறவன் அடுத்த ஆண்டு வரிக்கும் தலையாட்ட வேண்டுமென்று தம்பியிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்