எக்செல் சித்தப்பாவும் எங்கும் போகாத கப்பலும்

2020ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் தேதி சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கொவிட் பரவலால் நின்றிருந்த சொகுசுக் கப்பல்கள் மீண்டும் ஓடும். சிங்கப்பூரில் வசிப்பவர்கள் மட்டும் ஏறலாம். பாதிக் கப்பல்தான் நிரப்பப்படும். எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் சில இரவுகள் கடலைச் சுற்றிவிட்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். இதைப் படித்துச் சிரித்தவர்கள் உண்டு. 'இதற்கு ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் பாய் விரித்துப் படுக்கலாமே' என்றவர்கள் உண்டு. மறுபேச்சின்றி லேப்டாப்பைத் திறந்து புதுக் கோப்பு தொடங்கியவர்களும் உண்டு. அந்த மூன்றாவது ரகம் குடும்பத்துக்கு ஒருவர் நிச்சயம் இருப்பார். எங்கள் குடும்பத்தில் அவர் சித்தப்பா. 'எக்செல்' என்ற பட்டம் அவருடைய மகளே கொடுத்தது.

இந்த ரகத்தாரை அடையாளம் காண்பது எளிது. ஜோகூர் பாருவுக்கு ரொட்டி சானாய் சாப்பிடப் போனால்கூட உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் எந்த வரிசை வேகமாக நகரும் என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருப்பார்கள். பெட்டியை எடை பார்க்காமல் வீட்டைவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போகச் சொன்னால் நான்கு மணி நேரம் முன்னால் போவார்கள். அங்கே உட்கார்ந்து, திரும்பி வரும் நாளுக்கான திட்டத்தைச் சரிபார்ப்பார்கள்.

2020 மார்ச்சில் எல்லைகள் மூடியபோது சித்தப்பா உடைந்துபோவார் என்று எல்லோரும் நினைத்தோம். நடந்தது வேறு. ஏப்ரலில் நாடு வீட்டுக்குள் அடைந்த இரண்டு மாதமும் அவர் முகத்தில் அப்படி ஒரு தெளிவு. ஒரு மீட்டர் இடைவெளி, ஒன்றுவிட்டு ஒரு நாற்காலி, மளிகைக்கு ஒரு வீட்டிலிருந்து ஒருவர். அரசாங்கமே கடைசியில் தன் மொழியில் பேசத் தொடங்கிவிட்டது என்று நினைத்தாரோ என்னவோ. அமைச்சுகள்நிலைப் பணிக்குழுவின் செய்தியாளர் கூட்டத்தை ஊரே கவலையோடு பார்த்தது. சித்தப்பா குறிப்பெடுத்தார்.

அவருக்கு அந்த வருஷம் ஒரே ஒரு தோல்வி. சாங்கியில் சும்மா நின்றிருந்த ஏ380 விமானத்தைச் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சில நாள் உணவகமாக்கியது. முதல் இரண்டு நாள் இருக்கைகள் அரை மணி நேரத்தில் விற்றுப்போயின. பறக்காத விமானத்தில் இறக்கைக்கு முன்னால் உட்கார்ந்தால் நல்லதா, பின்னால் உட்கார்ந்தால் நல்லதா என்று சித்தப்பா அப்போதுதான் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆகவே கப்பலை விடக்கூடாது என்று முடிவு கட்டினார். எனக்குத் தோன்றுவது, எங்கும் போகாத கப்பல் என்பது இவரைப் போன்றவர்களுக்காகவே கட்டப்பட்டது. இவர்கள் போடும் திட்டங்களை எப்போதும் கெடுப்பது போய்ச் சேரும் ஊர்தான். ஊட்டியில் மழை பெய்துவிடும். மதுரையில் டிரைவர் அத்தை வீட்டுக்குப் போய்விடுவார். ஊர் என்ற ஒன்றே இல்லாமல், ஏறுவதும் இறங்குவதும் படிவங்களும் மட்டுமாக ஒரு பயணம் கிடைத்தால் அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

குறை சொல்லச் சித்தி இருந்தார்.

"என்னாங்க, பிப்ரவரியில ஜப்பான் பக்கம் ஒரு கப்பலை நிறுத்தி வச்சாங்களே, மறந்துட்டீங்களா?"

யோகோஹாமாவில் நின்ற டைமண்ட் பிரின்சஸ். ஏறத்தாழ 3,700 பேர் இருந்த அந்தக் கப்பலில் 700 பேருக்கு மேல் கிருமித்தொற்று. சித்தப்பா மறக்கவில்லை. அவருடைய கோப்பின் முதல் தாளே அதன் பாடம்தான். "அங்க ரொம்பக் கஷ்டப்பட்டது ஜன்னல் இல்லாத அறைக்காரங்க. அதனால நமக்குப் பால்கனி அறை. அடைச்சு வச்சாலும் காத்து வரும்." உல்லாசப் பயணத்துக்கு அறை தேர்ந்தெடுக்கும்போது அது சிறைக்கு லாயக்கா என்று பார்த்து எடுத்தவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று நினைத்தேன். பிறகு விசாரித்தால், என் அலுவலகத்திலேயே இன்னும் இரண்டு பேர் அப்படித்தான் எடுத்திருந்தார்கள்.

நாங்கள் ஆறு பேர்: சித்தப்பா, சித்தி, அவர்களுடைய பிள்ளைகள் இருவர், பாட்டி, நான். விதியோ ஐந்து பேருக்குமேல் ஒன்றுகூடக் கூடாது என்றது. இந்த ஒற்றை ஆள் மிச்சம் ஒரு வருஷம் சித்தப்பாவின் தூக்கத்தைக் கெடுத்தது.

பாட்டியிடம் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

"கப்பலாப்பா? எந்த ஊருக்கு?"

"எந்த ஊருக்கும் இல்ல பாட்டி. போயிட்டுத் திரும்பி வந்துரும்."

"ஏதாவது மறந்துட்டுப் போயிருமா?"

பாட்டி கப்பலைப் பற்றி அறியாதவரல்ல. 1950களில் நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, ஒரு தகரப் பெட்டியோடு மேல்தளத்தில் படுத்து வந்தவர். அந்தப் பயணத்துக்கு அவர் போட்ட திட்டம் மொத்தமும் ஒரு ஊறுகாய் ஜாடி.

டிசம்பர் கடைசி வாரத்துக்கு முன்பதிவு ஆயிற்று. வாட்ஸ்அப்பில் 'கடல் 2020' என்று ஒரு குழு பிறந்தது. ஏறுவதற்கு 72 மணி நேரத்துக்கு முன்பிருந்து 48 மணி நேரத்துக்கு முன்புவரை உள்ள இடைவெளிக்குள் பிசிஆர் சோதனை எடுத்திருக்க வேண்டும் என்று விதி. திங்கள் மாலை 5 மணிக்குக் கப்பல் என்றால் வெள்ளி மாலை 5 மணிக்குப் பிறகு, சனி மாலை 5 மணிக்கு முன். வெள்ளி மாலை சித்திக்குக் கோயில், சனி காலை தேக்கா ஈரச்சந்தை. மூக்கில் குச்சி விட ஆறு பேருக்கும் நேரம் ஒதுக்கி வண்ணம் தீட்டிய ஓர் அட்டவணை குழுவுக்கு வந்தது. கையில் கப்பல் நிறுவனம் கட்டிவிடும் தடமறியும் பட்டை, பையில் டிரேஸ்டுகெதர் கருவி, போனில் அதே செயலி. "மூணு பேரு நம்மள கண்காணிக்கிறாங்க, தொலைஞ்சு போக முடியாது" என்று அதை ஒரு வசதியாகவே எடுத்துச் சொன்னார்.

அப்போதுதான் டிசம்பர் 9 வந்தது. நான்கு நாள் பயணம் போயிருந்த குவாண்டம் ஆஃப் தி சீஸ் பாதி வழியில் திரும்பி மரினா பே கப்பல் முனையத்துக்கு வந்து நின்றது. 83 வயதுப் பயணி ஒருவர் வயிற்றுப்போக்கு என்று கப்பல் மருத்துவரிடம் போக, விதிப்படி சோதனை செய்ய, தொற்று என்று வந்துவிட்டது. 1,680 பயணிகளும் மணிக்கணக்கில் அறைக்குள். கரைக்கு வந்தபின் மறுபடி மறுபடி சோதித்ததில் அவருக்குத் தொற்றே இல்லை என்று தெரிந்தது. பாவம், அந்தப் பெரியவர். ஊர் உச்சுக்கொட்டி மறந்துவிட்டது.

சித்தப்பா மறக்கவில்லை. அவர் அந்தச் செய்தியிலிருந்து எடுத்துக்கொண்டது கிருமியை அல்ல, வயிற்றை. அத்தனை பெரிய கப்பலின் சுக்கான் மாலுமி கையில் இல்லை, வயதானவர்களின் குடலில் இருக்கிறது என்று அவருக்கு விளங்கிவிட்டது. பாட்டிக்கு அப்போது 82. கோப்பில் 'அம்மா வயிறு' என்று புதிதாக ஒரு தாள் சேர்ந்தது. பயணத்துக்கு முந்தைய பத்து நாள் பாட்டிக்கு ரசம் சாதம், இட்லி, வாழைப்பழம் மட்டும். மாங்காய் ஊறுகாய் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறியது. பாட்டி ஸ்டூல் போட்டு எடுத்தார். ஸ்டூலும் கோப்பில் ஏறியது.

கடைசியில் அவரே பயந்துகொண்டு தேதியைத் தள்ளிப்போட்டார். மாற்றக் கட்டணம் இல்லாமல் தள்ளிப்போடலாம் என்று கப்பல் நிறுவனங்கள் அப்போது தாராளம் காட்டின. இவரைப் போன்றவர்களிடம் அப்படி ஒரு வசதியைக் கொடுத்திருக்கவே கூடாது. 'கடல் 2020' குழு 'கடல் 2021' ஆயிற்று, பிறகு 'கடல் பைனல்', 'கடல் பைனல் 2'.

டிசம்பர் 28 முதல் எட்டுப் பேர் கூடலாம் என்றார்கள். நிம்மதி அடைவார் என்று பார்த்தால், "ரெண்டு இடம் வீணாகுதே" என்று பெரியப்பா வீட்டுக்குப் போன் போட்டார். அவர்கள் யோசித்துச் சொல்வதற்குள் பாட்டிக்குத் தடுப்பூசி போட்டு முடிக்கட்டும் என்று மே மாதத்துக்குத் தள்ளினார். மே 8ஆம் தேதி மறுபடி ஐந்து பேர் என்றார்கள். மே 16ஆம் தேதி இரண்டு பேர். ஜூன் 14ஆம் தேதி ஐந்து. ஜூலை 22ஆம் தேதி இரண்டு. ஆகஸ்ட் 10ஆம் தேதி, தடுப்பூசி போட்டவர்களுக்கு ஐந்து. செப்டம்பர் 27ஆம் தேதி மறுபடி இரண்டு. மற்றவர்களுக்கு இது லாட்டரி எண்களை வாசிப்பது போல இருந்தது. சித்தப்பாவுக்கு ஒவ்வோர் அறிவிப்பும் புது வேலை. இரண்டு பேர் விதி வந்தபோதெல்லாம் ஆறு பேரைச் சாப்பாட்டு மேஜைக்கு ஜோடி பிரித்தார். பாட்டியோடு யார்? "நான் அவன்கூட உக்கார மாட்டேன், என் தட்டையே பாத்துக்கிட்டிருப்பான்" என்று பாட்டி ரத்து செய்தார். சித்தியும் அதே காரணத்தைச் சொன்னார். சித்தப்பா தன் மகனோடு உட்கார்வதாகவும் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்பதால் எச்சில் தெறிக்கும் ஆபத்தும் குறைவு என்றும் அட்டவணை முடிந்தது. பயணம்தான் இல்லை.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கும்போது ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு வருஷத்தில் எங்கள் வீட்டில் யாருக்கும் எந்த விதியும் தெரிந்திருக்கவில்லை. தெரிந்துகொள்ளத் தேவையும் இருக்கவில்லை. யாருக்குச் சந்தேகம் வந்தாலும் சித்தப்பாவுக்கு ஒரு குறுஞ்செய்தி. அரை நிமிடத்தில் தேதியோடு பதில். மாடிவீட்டு மலாய்க்காரப் பாட்டியின் பேத்திகூட நிக்காஹ்வுக்கு எத்தனை பேரை அழைக்கலாம் என்று மின்தூக்கியில் இவரை மறித்துத்தான் கேட்டாள்.

நவம்பர் 22ஆம் தேதி மறுபடி ஐந்து பேர் ஆனது. இனி எதுவும் இறங்காது என்று சித்திக்கு யார் சொன்னார்களோ, "இந்தத் தடவ தேதிய மாத்தினீங்கன்னா நான் மட்டும் போவேன்" என்றார். டிசம்பரில் கிளம்பினோம். கோப்பில் இதற்கு மட்டும் திட்டம் இல்லை.

பெருவிரைவு ரயிலில் மரினா சவுத் பியர் நிலையத்தில் இறங்கி நடந்தால் முனையம். சோதனைகள் முடிந்து ஏறினோம். மாலையில் கப்பல் நகர்ந்து தென்தீவுகளைத் தாண்டும்போது பால்கனியிலிருந்து பாட்டி கையை நீட்டினார். செயின்ட் ஜான்ஸ் தீவு. இந்தியாவிலிருந்து மேல்தளத்தில் வந்தவர்களை அந்தக் காலத்தில் இறக்கித் தனிமைப்படுத்தி வைத்த இடம்.

"எங்களையும் இங்கதான் அடைச்சு வச்சாங்க. ஆனா அதுக்கு எங்ககிட்ட காசு வாங்கல" என்றார்.

இரவுச் சாப்பாட்டுக்கு ஐந்து பேருக்கு ஒரு மேஜை, ஒருவருக்குத் தனி மேஜை. பாட்டி தானாக எழுந்து தனி மேஜைக்குப் போனார். தனியாக உட்கார்ந்த 83 வயது மூதாட்டியைப் பார்த்த சிப்பந்திகள் மனம் கரைந்து, கேட்டதையும் கேட்காததையும் கொண்டுவந்து வைத்தார்கள். இறால், ஐஸ்கிரீம், மறுபடி இறால். அரங்கின் இந்தக் கோடியில், எழுந்து போகக் கூடாது என்ற விதிக்குக் கட்டுப்பட்டு, சித்தப்பா 'அம்மா வயிறு' தாளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாட்டியின் வயிறு கடைசிவரை கல்போல இருந்தது. சித்தப்பாவுக்குத்தான் இரண்டாம் நாள் கடமுடா. மருத்துவரிடம் போகவில்லை. வெளியே சொல்லவும் இல்லை. அறையிலேயே இருந்துகொண்டு, தொலைக்காட்சியில் கப்பலின் தடம் வட்டம் போடுவதைப் பார்த்தார். திட்டமிட எதுவும் இல்லாத ஒரு முழு நாளை அவர் அப்போதுதான் முதன்முதலாகச் சந்தித்தார் என்று நினைக்கிறேன். முகம் வாடிவிட்டது.

2022 ஏப்ரலில் எல்லைகள் திறந்தன. மாதக் கடைசியில் எத்தனை பேர் வேண்டுமானாலும் கூடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஊரே கொண்டாடியது. சித்தப்பா செய்தியை இரண்டு தடவை படித்துவிட்டு, "அவ்வளவுதானா?" என்றார். அவரிடம் யாரும் எதுவும் கேட்காமல் சில மாதம் போயிற்று.

பிறகு கப்பல்கள் மறுபடி பினாங்குக்கு ஓடத் தொடங்கியதும் சித்தியே முன்பதிவு செய்தார். காலையில் கப்பல் ஸ்வெட்டன்ஹாம் துறையில் நின்றது. எல்லோரும் இறங்கினோம். சித்தப்பா வரவில்லை. கப்பல் ஊரில் நிற்கும் நேரத்தில்தான் உள்ளே கூட்டம் இருக்காது, லிஃப்ட் உடனே வரும், பஃபேயில் வரிசையே இராது. இதைக் கண்டுபிடித்து ஒரு தாள் முழுக்க எழுதியிருந்தார். லிட்டில் இந்தியாவில் நாங்கள் நாசி கண்டார் கடையில் உட்கார்ந்தபோது குழுவில் படம் வந்தது: காலியான நீச்சல் குளம், காலியான நாற்காலிகள், ஓரத்தில் அவருடைய கட்டைவிரல்.

பாட்டிக்கு மனசு கேட்கவில்லை. "அவனுக்கு ஒரு பொட்டலம் கட்டச் சொல்லும்மா, நல்ல மீன் தலையா பாத்து."

"முடியாது அத்தை" என்றார் சித்தி. "வெளிச் சாப்பாட்டக் கப்பலுக்குள்ள விட மாட்டாங்க. அவரே எட்டாவது தாள்ல சிவப்புல எழுதி வச்சிருக்காரு."

பாட்டி ஒரு கணம் யோசித்தார். மீன் தலையைத் தன் தட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார்.