நாய் எந்திரிச்சுப் போனா கழட்டாதே

ஏலே பேராண்டி, சிகாகோவுக்குப் போறியாம்லா? முறுக்கு கட்டியாச்சு, பருப்புப்பொடி கட்டியாச்சு. காலுக்கு அந்தப் புது பூட்ஸாக்கும்? போட்டுக்கோ, ஆனா கயித்தைத் தளர்த்திக் கட்டு. மணிக்கணக்கா காலைத் தொங்கப்போட்டு உக்காந்தா நீரு கீழ இறங்கி வீங்கிரும். கழட்டினா மறுபடி நுழையாது.

வீட்டுக்குள்ள செருப்போட வந்து ஆத்தாகிட்ட ஏச்சு வாங்குத பய நீ. பிளேன்ல ஏறினதும் பக்தியாக் கழட்டிப் போடுவ, எனக்குத் தெரியும். கழட்டு, வேண்டாங்கல. முந்தின நாளே நம்ம மணி நாயைப் பக்கத்துல வச்சுக் கழட்டிப் பாரு. நாய் எந்திரிச்சுப் போனா, அங்க கழட்டாதே. நாய்க்காவது வாசல் இருக்கு. 35,000 அடி உயரத்துல பக்கத்து சீட்டுக்காரன் எங்கலே போவான்?

வேர்வை நாறாதுலே. அதைத் தின்னுத கிருமிதான் நாறடிக்கும். பூட்ஸை வெயில்ல காயவை, துவைச்ச சாக்ஸ் ஒரு சோடி கைப்பையில வச்சுக்கோ. சென்ட் அடிச்சுச் சமாளிச்சிரலாம்னு மட்டும் நினைக்காதே. ரெண்டு நாத்தம் கூட்டணி வச்சா ஆட்சியே கவுந்திரும்.

கக்கூசுக்கு வெறுங்காலோடயும் போகாதே, சாக்ஸோடயும் போகாதே. தரையில ஈரம் கிடக்கும். தண்ணின்னு நம்புறது உன் இஷ்டம். குலுங்குத பிளேன்ல நின்னு குறி பாக்குதவன் எல்லாம் அர்ச்சுனன் இல்ல.

அமெரிக்காவுல சோதனைக்குப் பூட்ஸைக் கழட்டணுமான்னு உங்கப்பன் கேட்டான். 2001 டிசம்பர்ல பாரிஸ்லேர்ந்து மியாமிக்குப் போன பிளேன்ல ஒருத்தன் பூட்ஸுக்குள்ள வெடிமருந்தை வச்சு, தீக்குச்சியைக் கிழிச்சுருக்கான். கூட இருந்தவங்க அமுக்கிட்டாங்க. அவன் ஒருத்தனுக்காக 2006லேர்ந்து ஊரே கழட்டுச்சு. 2025 ஜூலையிலதான் அமெரிக்காக்காரன் போதும்னு விட்டுருக்கான். எங்கப்பன் காலத்துல நம்மூர்ல சில தெருவுல சில பேரு செருப்பைக் கையில தூக்கிட்டுத்தான் நடக்கணும். அமெரிக்காக்காரன் தெரு பாக்காம எல்லாரையும் கழட்டச் சொன்னானேன்னு நானும் மெச்சினேன். பாத்தா, காசு கட்டி முன்கூட்டியே பேரு பதிஞ்சவனுக்கு அங்கயும் சலுகை வந்துட்டு.

ஒண்ணு மட்டும் விளையாட்டு இல்ல. பிளேன் மேல ஏறுதப்பவும் கீழ இறங்குதப்பவும் பூட்ஸ் காலுல இருக்கணும். ஆபத்துன்னா, பாதி வாசல் அடைச்சுக் கிடந்தாலும் 90 வினாடியில எல்லாரும் வெளியேற முடியுதான்னு பாத்துதான் பெரிய பிளேனுக்கு அனுமதி கொடுக்கான். அந்த நேரத்துல நீ சீட்டுக்கடியில குனிஞ்சு இடதுகால் பூட்ஸைத் தேடிக்கிட்டுக் கிடந்தா, பின்னால வாரவன் உன் முதுகுல ஏறித்தான் போவான். குதிகால் உசந்த செருப்பு போட்ட பொம்பளைங்க மட்டும் அப்பக் கழட்டிரணும். சறுக்கி இறங்குத காத்துப் பை கிழிஞ்சிரும்லா.

இந்தா, கக்கூசுக்குப் போக இந்த ரப்பர் செருப்பு. நல்லாக் கழுவி வச்சுருக்கேன். எங்க வாங்கினேன்னு கேக்காதே. கொடை அன்னைக்கு அம்மன் கோயில் வாசல்ல என் செருப்பு காணாமப் போச்சு, வீட்டுக்கு வெறுங்காலோடயா வர முடியும்?