சிற்றுண்டிச் சாலைப் பொருள்கோள்: எண்வகை ஆர்டரும் அவற்றின் உரையும்

சென்னை ஓட்டல்களில் ஆர்டர் சொல்லும் முறை எட்டு வகைப்படும். செய்யுளின் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ளும் முறையே பொருள்கோள்; பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் நன்னூலில் வகுத்த அதுவும் எட்டு என்பதால் இந்த எண் கொள்ளப்பட்டது. இதைவிட மெலிந்த காரணங்களுக்கெல்லாம் முனைவர் பட்டம் கிடைத்திருக்கிறது. தொல்காப்பியர் நான்கோடு நிறுத்திக்கொண்டார். அவர் காலத்தில் நெய் ரோஸ்ட், பொடி ரோஸ்ட், பேப்பர் ரோஸ்ட் என்ற பிரிவுகள் இல்லாமை நோக்குக.

ஆற்றுநீர், தொடக்கம் முதல் இறுதிவரை தடையின்றி ஓடுவது. ‘ரெண்டு இட்லி, ஒரு வடை, ஒரு காபி.’ தனியாக வருபவர்களிடம் மட்டுமே காணப்படும்.

மொழிமாற்று, சொற்களை இடம் மாற்றிப் பொருள் கொள்வது. அண்ணா சாலை புஹாரி ஓட்டலோடு சேர்த்துச் சொல்லப்படும் சிக்கன் 65 இதற்குச் சான்று. ‘65 சிக்கன்’ என்று மாற்றிச் சொன்னாலும் சமையலறை கலங்குவதில்லை. ஒரு தட்டுதான் வருகிறது. அந்த எண் 1965ஆம் ஆண்டைக் குறிக்கும் என்பது ஓட்டல் மரபு. கோழியின் வயது 65 நாள் என்பார் ஒரு சாரார். மெனுவில் 65ஆம் இடம் என்பார் மற்றொரு சாரார். கண்ணெதிரே பிறந்த பண்டத்துக்கே இத்தனை கொள்கை என்றால், சங்கப் பாடல்களுக்குப் பிறந்த நாள் குறித்துத் தருவோரின் துணிவு பாராட்டத்தக்கது. பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளலாம் என்று 65ஐக் காக்க வைப்பது தவறு. ஆறினால் மொறுமொறுப்பு போய்விடும். முதலில் அதைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.

நிரனிறை, பெயர்களை ஒரு வரிசையிலும் அவற்றுக்கு உரியவற்றை மற்றொரு வரிசையிலும் நிறுத்துவது. ‘வடை, பொங்கல்… ஒண்ணு, ரெண்டு.’ இரண்டு வடையும் ஒரு பொங்கலும் மேசைக்கு வரும். சப்ளையர் மீது குற்றமில்லை. எதிர் நிரனிறை என்றொரு வழியை நன்னூலார் திறந்தே வைத்திருக்கிறார். எண்ணிக்கையைப் பண்டத்துக்கு முன்னால் ஒட்டிச் சொல்வதே பாதுகாப்பு. பொங்கலைக் காலையிலேயே கேட்டுவிடுவதும் நலம். பொழுது ஏற ஏற அது இறுகும், பிறகு வெந்நீர் கலந்து இளக்கப்படும்.

தாப்பிசையில் நடுவிலுள்ள சொல் இருபுறமும் ஊஞ்சல்போல் போய்வரும். ‘இட்லிக்குச் சாம்பார் தனியா வடைக்கும்.’ ஆனால் 1948 முதல் திருவல்லிக்கேணியில் நடக்கும் ரத்னா கஃபேயில் இந்த வகை செல்லாது. அங்கே இட்லி சாம்பாரில் மூழ்கியிருக்க வேண்டும். தீரத் தீர ஊற்றப்படும். ‘தனியா’ என்பது அங்கே வழூஉச்சொல்.

விற்பூட்டில் முதற்சொல்லும் கடைசிச் சொல்லும் பூட்டிக்கொள்ளும். ‘தோசை… சட்னி போதும்… தண்ணி வெந்நீரா… முறுகலா.’ கடைசிச் சொல் வரும்போது சப்ளையர் அடுத்த மேசையில் நிற்பார்.

கொண்டுகூட்டே இவற்றுள் தலையாயது. சிதறிக் கிடக்கும் சொற்களை வேண்டிய இடங்களிலிருந்தெல்லாம் பொறுக்கிச் சேர்த்துப் பொருள் கொள்வது இது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குடும்பத் தலைவர்கள் வாயில் பிறக்கும். ஆய்வுக்குரிய மூலம் வருமாறு: ‘ஒரு ரவா தோசை, அம்மாவுக்கு இட்லி, வெங்காயம் வேணாம், இவனுக்குக் காரம் ஆகாது, நெய் ஊத்தி, முந்திரி இருந்தா எடுத்துடுங்க, நல்லா முறுகலா.’

‘முறுகலா’ எதைத் தழுவும் என்பதே சிக்கல். ரவா தோசையை என்பர் கல்லாவுக்கு வலப்பக்கத்தார். இட்லியை என்று கைகழுவுமிடத்தார் கொண்டது பாடத்தைக் காதில் சரியாக வாங்காத பிழை. அவர்களுக்கு ஐந்தாம் மேசையார் ஒரு விளக்கம் எழுதினர். அந்த விளக்கத்துக்கு, ஐந்தாம் மேசை எப்போது காலியாகும் என்று நாற்காலியைப் பிடித்தபடி நின்றவர் ஒரு மறுப்பு எழுதினார். அம்மறுப்பு சாம்பார் கறை படிந்த ஒரு பில்லின் பின்புறத்தில் மட்டும் கிடைக்கிறது. அதிலும் இறுதி இரண்டு அடிகள் கை துடைத்ததில் சிதைந்துள்ளன. சிதைந்த அடிகளே மறுப்பின் உயிர்நாடி என்று துணிவோர் உண்டு. அவர்கள் அவற்றுக்கு உரையும் எழுதி முடித்துவிட்டனர்.

உரையாசிரியர் நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் சிக்கல் இல்லை. 103 அடி முல்லைப்பாட்டில் எங்கோ கிடக்கும் சொல்லை எங்கோ கொண்டுபோய் மாட்டியவர் அவர். மறைமலையடிகள் அதற்காக அவரைக் கடிந்துகொண்டதும் உண்டு. அந்தத் திறம் இன்று தோசை மாஸ்டர்களிடமே எஞ்சியுள்ளது. ‘ஒரு ஆனியன் ரவா!’ என்ற சப்ளையரின் குரலைக் கேட்டு, வேண்டாம் என்ற வெங்காயத்தை வேண்டும் என்று மாட்டிவிடுவார்கள்.

இவ்விடத்தில் பொருளறிவும் வேண்டும். ரவையும் அரிசி மாவும் மைதாவும் நீர்மோர்போல் கரைத்த மாவைக் கரண்டியால் தேய்க்க முடியாது. கல்லில் வீசித்தான் ஊற்ற வேண்டும். வெங்காயம் அதற்கு முன்பே கல்லில் தூவப்பட்டிருக்கும். ஆகவே ‘வெங்காயம் வேணாம்’ என்பதை ‘ரவா’ என்ற சொல்லுக்கும் முன்னால் சொல்வதே முறை. மாவு நீர்த்திருப்பதால் ஈரம் வற்றிச் சிவக்கவும் நேரம் பிடிக்கும். மற்றவர் இட்லி தின்று கை கழுவிய பிறகு வரும் ரவா தோசை தாமதமானது அன்று; அதன் காலத்தில் வந்தது. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்.

அடிமறிமாற்று, நால்வர் ஒரே நேரத்தில் பேசுவது. எந்த அடியை எங்கே வைத்தாலும் பில் மாறாது.

அளைமறிபாப்பு, புற்றில் நுழையும் பாம்பு தலையைத் திருப்புவதுபோல் இறுதிச்சொல் பின்னோக்கி ஓடுவது. காபிக்கே உரியது. ‘ஸ்ட்ராங்கா ஒரு காபி’ என்று சொல்லி, டபரா மேசையில் வைக்கப்படும் கணத்தில் ‘சர்க்கரை இல்லாம’ என்று முடிப்பது. பல ஓட்டல்களில் சர்க்கரை முன்னமே கலக்கப்பட்டுவிடும். கலந்ததைப் பிரிக்கும் விதி எந்த இலக்கணத்திலும் இல்லை.

பார்சல் இந்த எட்டில் அடங்காது. மூன்று தோசைக்கு இரண்டு சாம்பார்ப் பொட்டலமே கட்டப்படும். மூன்றாவது மறைந்து நிற்கும். இது சாம்பார்த் தொகை எனப்படும். தொகையை விரிக்க விரும்புவோர் கல்லாவை விட்டு நகருமுன் பையைத் திறந்து எண்ணிக்கொள்க.