ஆறுதல் சொல்ல என்ன தகுதி?

கேள்வி: துன்பத்தில் இருப்பவரிடம், "எல்லாம் கர்ம வினை, கடவுள் சோதிக்கிறார்" என்று சொல்வது நல்ல ஆறுதல்தானே?
– வாசகர், தெலுக் இந்தான்

பதில்: 2025 மே 13 காலையில், உங்கள் ஊர்ச் சித்ரா பௌர்ணமி விழாவுக்குக் காவல் நின்றுவிட்டுத் திரும்பிய கலகத் தடுப்புப் போலீசாரின் வாகனத்தில் லாரி மோதி 9 பேர் மாண்டார்கள். சாமி ஊர்வலத்துக்குத் துணை நின்றவர்களுக்கா இந்தச் சாவு? அவர்களைப் பெற்றவர்களிடம் போய் "வினை" என்று சொல்ல எந்த நாக்கு எழும்? ஆண்டவனின் கணக்கேடு நம் கையில் இல்லை. விவிலியத்தில், பெருந்துன்பத்தில் விழுந்த யோபுவின் நண்பர்கள் மூவர் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள். வாய் திறந்து, "நீ பாவம் செய்திருப்பாய்" என்று வாதிட்ட பிறகு, கடவுளின் கோபம் அவர்கள்மேல்தான் பாய்ந்தது. அவர்களுக்காக யோபுவே வேண்டிக்கொள்ள நேர்ந்தது. திருவதிகையில் சூலைநோயோடு வந்து விழுந்த தம்பி திருநாவுக்கரசரைச் சமயம் மாறிப்போனதற்காகத் திலகவதியார் குத்திக்காட்டவில்லை; திருநீறு தந்து கோயிலுக்கு அழைத்துப் போனார்.

"கர்மம் நம் சமயக் கொள்கையாயிற்றே, சொன்னால் என்ன?" எனலாம். அந்தக் கொள்கை அவரவர் தம் வாழ்வைச் சோதித்துக்கொள்ள. அடுத்தவருக்குத் தீர்ப்பு எழுத அல்ல. "அப்படியானால் ஊமையாக இருப்பதா?" என்றால், அதுவும் வேண்டாம். "எனக்கும் காரணம் தெரியவில்லை, நானும் சாகப்பிறந்தவன்தான், உங்களோடு இருக்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடியே இருந்தும் காட்டுங்கள்.