கறுப்பாவே விடும், மருமோன்

மருமோன், உம்மட படத்தைப் பாத்தன். புல்மோட்டை இல்மனைட் மணலைக் கடதாசியில கொட்டி ஒட்டினது மாதிரி நல்ல கறுப்பு. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து, "பொடியன் மையைக் கொட்டிப்போட்டானோ?" எண்டவ. நான்தான் உமக்காகக் கதைச்சன்: "சும்மா இரும், உது ஆராய்ச்சி."

குச்சவெளிக் கரைவலையில விழுந்த கீரிமீனை ஒண்டொண்டா அளந்து, நீளத்தைக் கிடையாவும் நிறையை நிலைக்குத்தாவும் வைச்சு, ரெண்டாயிரம் மீனுக்கு ரெண்டாயிரம் பொட்டுப் போட்டிருக்கிறீர். நீளம் இரட்டிச்சா நிறை கிட்டத்தட்ட எட்டு மடங்காகும் எண்டு காட்டத்தானே இவ்வளவு பாடும்? வளைவு வடிவாத் தெரியுது. நடுவில மட்டும் ஒண்டும் தெரியேல்ல. மீன் முழுக்க அங்கதான் கிடக்குது.

என்ர புத்தியைக் கேட்டா, அப்பிடியே விடும். ஒரே அளவில விழுந்த நூறு மீனுக்கும் ஒரு பொட்டு, வழிதவறி வந்த ஒத்தை மீனுக்கும் ஒரு பொட்டு. எங்கட சங்கக் கூட்டத்திலகூட இல்லாத சமத்துவம். வளாகத்துச் சேரும் கேள்வி கேக்கமாட்டார். கண்ணுக்குத் தெரியாததில ஆர் பிழை பிடிக்கிறது?

ஆனா உம்மட மச்சாள் பேராதனையில புள்ளிவிபரம் படிச்சவள், அவளுக்கு உந்தச் சமத்துவம் பிடிக்கேல்ல. அவள் சிரிச்சவள் எண்டு நான் உமக்குச் சொல்லேல்ல.

பொட்டுகளை ஊடு தெரியிறமாதிரிப் போடட்டாம். நீர் தட்டுற 'ஆர்' (R) மென்பொருளில 'அல்பா' எண்டு ஒண்டு இருக்காம். 1 எண்டா முழுக் கறுப்பு, 0 எண்டா ஆளே இல்லை. 0.1 வைச்சா ஒரு பொட்டு வெள்ளையில பத்து வீதத்தை மறைக்கும். "அப்ப பத்துப் பொட்டு விழுந்தா முழுக் கறுப்பு" எண்டு நீர் உடன கணக்குச் சொல்லுவீர். கரைவலைப் பங்கு பிரிக்கிற என்னட்ட உந்தக் கணக்கு ஓடாது. ரெண்டாவது பொட்டு மறைக்கிறது மிச்சத் தொண்ணூறில பத்து வீதத்தை, 81 மிஞ்சும். பத்தாவது விழுந்தாப் பிறகும் 35 வீதம் வெள்ளை நிக்கும். 99 வீதம் கறுக்க 44 பொட்டு வேணும். 44 மீன் கிடக்கிற இடமும் 400 மீன் கிடக்கிற இடமும் பிறகு கண்ணுக்கு ஒண்டுதான். அப்ப 0.1 பத்தாது, 0.02க்கு இறங்கும். அதுவும் சரிவராட்டி, படத்தை அறுகோணக் கட்டங்களாப் பிரிச்சு, கட்டத்துக்குள்ள எத்தினை மீன் எண்டு எண்ணி நிறம் தீட்டும். டானியல் கார் எண்டவரும் கூட்டாளிகளும் 1987இலயே எழுதி வைச்ச வழியாம் அது.

இன்னொரு கூத்து. நீர் நீளத்தை அரைச் சென்ரிமீற்றராப் பிடிச்சு எழுதினபடியால் மீனெல்லாம் பாடசாலைப் பிள்ளையள் மாதிரி வரிசையில நிக்குது. பதினைஞ்சில ஒரு தூண், பதினைஞ்சரையில ஒரு தூண், இடையில வெறுங்கடல். கடவுள் கீரியை அரை அரையாப் படைக்கேல்ல. பொட்டுகளைக் கொஞ்சம் இஞ்சால அங்கால அசைச்சு விடும். படத்தில மட்டும் அசையும், கொப்பியில இருக்கிற எண்ணில கை வைச்சீரோ, பிறகு மருமோன் எண்டும் பாக்கமாட்டன்.

கரைவலை மீனுக்குச் சிவப்பு, செவுள்வலை மீனுக்கு நீலம் எண்டு ஒரே படத்தில போடுற எண்ணமும் வேண்டாம். ரெண்டும் ஏறி விழுந்தா ஊதாதான் வரும். பக்கத்தில பக்கத்தில ரெண்டு படம் கீறும், கடதாசி நான் வாங்கித் தாறன்.

ஒண்டு கவனம். 0.02 எண்டா கூட்டத்துக்கு நல்லது, தனிய நிக்கிறவன் காணாமப் போயிடுவான். ஓரத்தில தனிச்சு நிக்கிறதுகளை வேற நிறத்தில அழுத்திப் போடும். உம்மட படத்தின்ர கீழ்மூலையில ஒருத்தன் நிக்கிறான், நீளம் 20 சென்ரிமீற்றர், நிறை 9 கிராம். புது இனம் எண்டு சேரிட்டச் சொல்லிப்போடாதையும். அண்டைக்குத் தராசு பிடிச்சது நான், மருமோன். தொண்ணூறு எண்டுதான் சொன்னனான். நீர் அப்ப கொப்பியைப் பாக்கேல்ல, றோட்டால போன மச்சாளைப் பாத்துக்கொண்டு நிண்டனீர்.